பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதா? ஊட்டும் விதமும் உடம்பில் சேரும் சத்தும்

முதல் பிறந்தநாள் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் பல வீடுகளில் ஒரே புகார் எழும்: "முன்னெல்லாம் கிண்ணம் காலியாயிடும், இப்ப நாலு வாய்க்கு மேல வாங்கவே மாட்டேங்கிறான்." பெரும்பாலும் இது நோய் அல்ல, வளர்ச்சியின் வேகம் மாறியதன் விளைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளைப் பாருங்கள். பிறக்கும்போது சராசரியாக 3.3 கிலோ இருக்கும் ஆண் குழந்தை ஒரு வயதில் 9.6 கிலோவைத் தொடும். இரண்டு வயதில் 12.2 கிலோ. முதல் ஆண்டில் 6 கிலோவுக்கு மேல் ஏறிய உடம்பு, அடுத்த ஆண்டில் இரண்டரை கிலோ அளவுக்குத்தான் ஏறுகிறது. பெண் குழந்தைக்கும் இதே போக்கு: ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5. ஏற்றம் பாதிக்கும் கீழே இறங்கும்போது பசியும் இறங்கத்தான் செய்யும்.

பிள்ளையின் பசி குறைந்ததால் சத்துக் குறைவு வருவதில்லை. அதைப் பார்த்துப் பதறி நாம் செய்கிற காரியங்களால்தான் வருகிறது. சோறு வேண்டாம் என்றதும் பால் போத்தலைக் கொடுக்கிறோம். வாயைத் திறக்கக் கைப்பேசியைக் காட்டுகிறோம். ஏதாவது வயிற்றில் இறங்கட்டும் என்று பிஸ்கட்டை நீட்டுகிறோம். ஒவ்வொன்றும் அன்பில் செய்வதுதான். ஆனால் நாளடைவில் இவை எல்லாம் சேர்ந்து, உணவு நிறைய இருக்கிற வீட்டிலேயே இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையையோ உயரம் எட்டாத பிள்ளையையோ உண்டாக்கிவிடும்.

கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டுப் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இந்த நிலை. வருமானம், வீட்டு வாடகை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, தாயின் உடல்நிலை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஊட்டுகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் கூடுதல் செலவில்லாமல் வீட்டிலேயே மாற்றக்கூடியது ஒன்று உண்டென்றால், அது ஊட்டும் விதம்.

யார் எதை முடிவு செய்வது

இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சுட்டும் ஓர் அடிப்படை விதி உண்டு. அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் 1980-களில் வகுத்தது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்ற மூன்றையும் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்ற இரண்டையும் பிள்ளை முடிவு செய்யும். ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டால் குழப்பம்.

நம் வீடுகளில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டு, அது காட்டும் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். எவ்வளவு என்பதை மட்டும் நாம் முடிவு செய்து, கிண்ணம் காலியாகும்வரை விரட்டுகிறோம்.

"அளவைப் பிள்ளையிடம் விட்டால் பட்டினி கிடக்குமே" என்ற அச்சம் இயல்பானது. இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1928-இல் வெளியிட்ட ஆய்வில், பால்குடி மறந்த குழந்தைகளின் முன்னே பலவகை உணவுகளை வைத்து, எதையும் எவ்வளவும் அவர்களே எடுத்துக்கொள்ள விட்டார். தாதிமார் ஒரு வார்த்தை வற்புறுத்தக்கூடாது. ஒரு வேளை ஒன்றையே அள்ளித் தின்றார்கள், மறுவேளை அதைத் தொடவில்லை. ஆனாலும் நன்றாகவே வளர்ந்தார்கள். முக்கியமான செய்தி இனிமேல்தான்: அந்தத் தட்டுகளில் சர்க்கரை சேர்த்த பண்டம் எதுவும் இல்லை. இறைச்சி, முட்டை, பால், தானியம், காய், பழம் மட்டுமே. அளவைப் பிள்ளையிடம் நம்பி விடலாம், ஆனால் எதை வைப்பது என்பதைப் பெரியவர் கைவிடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த விதி வேலை செய்யும்.

பெற்றோர் வகைகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் எழுதியதும், பின்னால் வந்தவர்கள் அதை விரித்ததும் உணவுக்கும் பொருந்தும். பார்க்க வேண்டியவை இரண்டு: பிள்ளை காட்டும் குறிப்பைக் கவனிக்கிறோமா? ஒழுங்கு வைத்திருக்கிறோமா? ஒழுங்கு மட்டும் இருந்தால் அது கட்டாய ஊட்டல். கவனிப்பு மட்டும் இருந்து ஒழுங்கு இல்லையென்றால், கேட்டதெல்லாம் கொடுக்கும் வீடு. இரண்டும் இல்லாத வீட்டில் பிள்ளை என்ன தின்றது என்றே யாருக்கும் தெரியாது. வேலை நேரம் இடம் கொடுக்காத குடும்பங்களில் இது வேண்டுமென்று நடப்பதல்ல. இரண்டும் சேர்ந்த வீட்டில்தான் பிள்ளையின் எடையும் உணவு வகைகளும் நிலையாக வளர்கின்றன.

போத்தல் பால்: எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டிய இடம்

ஒன்றரை வயதுப் பிள்ளை சோறு சாப்பிடுவதில்லை என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் 240 மில்லி. 10 மணிக்கு ஒன்று. மதியத் தூக்கத்துக்கு ஒன்று. மாலையில் ஒன்று. இரவு படுக்கும்போது ஒன்று. மொத்தம் 1200 மில்லி. 100 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் ஏறக்குறைய 65 கலோரி. ஆக பாலிலேயே 780 கலோரி போய்விட்டது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 900 முதல் 1000 கலோரி. மிச்சம் இருப்பது ஒரு தோசைக்கும் அரை வாழைப்பழத்துக்கும் உரிய இடம்தான். அந்தப் பிள்ளை சோற்றைத் தள்ளுவது அடம் அல்ல. அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது.

இதில் இரும்புச்சத்துதான் பெரிய இழப்பு. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பிள்ளைக்கு வேண்டியதோ நாளைக்கு 6, 7 மில்லிகிராம். போதாக்குறைக்கு, பாலிலுள்ள கால்சியம் மற்ற உணவில் இருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கும். வெளிறிய உதடு, சீக்கிரம் களைப்பு, எரிச்சல், மண்ணையும் சுண்ணாம்பையும் வாயில் வைக்கும் பழக்கம் எல்லாம் இரும்புக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். இரும்பு குறைந்தால் பசியும் மந்தமாகும். பசி மந்தமானால் இன்னொரு போத்தல். சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கும்.

பவுடர் பாலில் இரும்பு சேர்த்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அதுவும் வயிற்றை அதேபோல் அடைக்கும், பலவற்றில் இனிப்பும் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த 'வளரும் குழந்தைப் பால்' தேவையில்லை, சாதாரணப் பாலே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டியின் நிலை. டின்னுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இருந்தால் முட்டையும் மீனும் பழமும் வாங்கிவிடலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

அப்படியானால் எவ்வளவு பால்? நாளைக்கு இரண்டு கிளாஸ், அதாவது 400 முதல் 500 மில்லி. இரண்டு கிளாஸ் பாலில் ஏறக்குறைய 480 முதல் 600 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மலேசியப் பரிந்துரைப்படி தேவை 700. மிச்சத்தைத் தயிர், தவு (சோயாக் கட்டி), கீரை, நெத்திலி பார்த்துக்கொள்ளும்.

குறைப்பதை ஒரே நாளில் செய்தால் வீடே அழும். பகல் போத்தலில் தொடங்குங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த வேளைப் பாலில் 30 மில்லி குறையுங்கள்: 240, 210, 180 என்று. இரண்டு வாரத்தில் ஒரு போத்தல் மறைந்துவிடும். அந்த நேரத்தில் பழமோ இட்லியோ வையுங்கள், வெறுமையாக விடாதீர்கள். மிச்சமுள்ள பாலைப் போத்தலில் இருந்து சிறு கப்புக்கு மாற்றுங்கள். இரவுப் போத்தல் கடைசி. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கப்பில் குடிக்கவைத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். வாயில் போத்தலோடு தூங்கும் பிள்ளையின் மேல் முன்பற்கள் கறுத்து அரித்துப்போகும். பல் வலிக்கிற பிள்ளை கடித்துச் சாப்பிடாது. ஒன்றரை வயதுக்குள் போத்தல் முழுவதும் போய்விட்டால் நல்லது.

டின் பாலைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். கடைகளில் கிடைக்கும் இனிப்பு கிரீமர் பெரும்பாலும் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்தது. பாலுக்கு மாற்று அல்ல. அதைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குப் போத்தலில் கொடுக்கவே கூடாது. தே தாரேக்கில் (இழுத்து ஆற்றிய பால் தேநீரில்) பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுப்பதும் நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். தேயிலைத் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பாலில்லாத தே ஓ-வும் அப்படித்தான். இந்த வயதில் தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு உணவு, அதோடு இரண்டு கிளாஸ் பால். பழச்சாறு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். பழத்தையே கையில் கொடுப்பது அதைவிட மேல்.

அரை மணி நேரச் சாப்பாடு எப்படி இருக்கும்

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையை உற்றுப் பார்த்தால் அதன் வயிறு பேசுவது தெரியும். முதல் ஐந்து, எட்டு நிமிடம் தானாக வாய் திறக்கும், கரண்டியை நோக்கிச் சாயும், கையால் அள்ளும். பிறகு வேகம் குறையும். அடுத்து தலையைத் திருப்பும், உதட்டை இறுக்கும், வாயில் வைத்ததைக் கன்னத்தில் ஒதுக்கும். கடைசியில் சோற்றைத் தரையில் தட்டிவிட்டுச் சிரிக்கும். இந்தத் தலைத் திருப்பலும் இறுகிய உதடும்தான் 'போதும்' என்ற சொல். அதைப் பார்த்தால் ஒருமுறை கேளுங்கள்: "இன்னும் வேணுமாய்யா?" மறுபடி திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். 20 முதல் 30 நிமிடம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் வீடெல்லாம் பின்னால் ஓடி ஊட்டினால், கடைசி அரை மணியில் உள்ளே போகும் நான்கு வாய்க்காக மறுவேளைப் பசியும் கெடும், இருவர் பொறுமையும் கெடும்.

மூக்கைப் பிடித்து, கையை அமுக்கி ஊட்டுவது ஆபத்து. புரையேறும். ஒருமுறை பயந்த பிள்ளை கரண்டியைக் கண்டாலே குமட்டும். அந்தளவு போகாத வற்புறுத்தலும் எதிராகவே முடிகிறது. "சூப்பைக் குடித்து முடி" என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறைவாகக் குடித்ததையும், சொல்லாமல் விட்டபோது அதிகம் குடித்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளிது. பிள்ளையின் கவனம் ருசியில் இருந்து சண்டைக்குப் போய்விடுகிறது.

லஞ்சமும் அப்படியே. "கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்றால் பிள்ளை கற்றுக்கொள்வது, கீரை என்பது கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலை, சாக்லேட்தான் உயர்ந்த பொருள் என்பதை. லியான் பர்ச் என்ற ஆய்வாளர் 1984-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். பரிசுக்காகக் குடிக்கவைத்த பானத்தின் மீது பிள்ளைகளின் விருப்பம் குறைந்தது. கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'தொடாதே' என்று தடுப்பதும் ஆசையைக் கூட்டுகிறது என்பதை அதே குழுவினர் 1999-இல் காட்டினார்கள். ஆகவே சிப்ஸும் மிட்டாயும் வேண்டாம் என்றால் அலமாரியில் பூட்டி வைப்பதைவிட வாங்காமல் இருப்பதே நல்லது. தீபாவளிக்கு அதிரசம் இருந்தால், எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு துண்டு தின்னட்டும், அதை ஒரு பெரிய விஷயமாக்காதீர்கள்.

கைப்பேசி தனியாகப் பேச வேண்டிய ஒன்று. படம் ஓடும்போது பிள்ளை நன்றாகச் சாப்பிடுவது போலத் தோன்றும். உண்மையில் அது சாப்பிடுவதில்லை. திறந்த வாயில் நாம் போடுகிறோம். வயிறு நிறைந்த உணர்வு அதற்குத் தெரிவதில்லை. மெல்லும் பழக்கமும் வளர்வதில்லை. சில பிள்ளைகள் இதனால் தேவைக்கு மேல் சாப்பிட்டுப் பருமனாகின்றன, வேறு சில படம் இல்லாமல் ஒரு வாய்கூட வாங்காத நிலைக்கு வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரைப்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நிறுத்தும்போது முதல் மூன்று, நான்கு நாள் சாப்பாடு பாதியாகக் குறையும். அதை எதிர்பார்த்திருங்கள். அந்த நாள்களில் பதறி மறுபடி கைப்பேசியை எடுத்தால், அழுதால் கிடைக்கும் என்ற பாடம்தான் பிள்ளைக்கு மிஞ்சும். காலை உணவில் தொடங்குவது சுலபம். இரவில் எல்லாருமே களைத்திருப்போம்.

நேரம்

நாள் முழுவதும் கையில் பிஸ்கட்டோடு திரியும் பிள்ளைக்குப் பசி என்ற உணர்வே வராது. இரண்டு மேரி பிஸ்கட், அரை மணி கழித்து ஒரு வாய் மைலோ, பிறகு கொஞ்சம் கிராக்கர் என்று போனால் மதியச் சோற்றுக்கு இடமில்லை. இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். இடையில் தண்ணீர் மட்டும்.

கோலாலம்பூரில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குச் சிறிய இட்லியும் சாம்பாரும். 10 மணிக்குத் தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) பழமும் கப்பில் பாலும். 12.30-க்குச் சோறு. தூங்கி எழுந்து 3.30-க்கு ஏதாவது பலகாரம். இதுவரை சிக்கல் இல்லை. நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வர 7.30, சமைத்து முடிக்க 9 மணி, அதற்குள் பிள்ளை காரிலேயே பிஸ்கட் தின்று அரைத்தூக்கத்தில் இருக்கும். கடைசியில் இரவுச் சாப்பாடு என்பது ஒரு போத்தல் பால். இந்த ஓர் இடத்தைச் சரிசெய்தாலே பல வீடுகளில் பாதிச் சிக்கல் தீரும். ஞாயிற்றுக்கிழமை கெட்டிப் பருப்பும் மசித்த காயும் சேர்த்து வேகவைத்து, சூடு ஆறியதும் சிறு டப்பாக்களில் பங்கிட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வந்ததும் ஒரு டப்பாவை நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்கி, சோற்றோடு பிசைந்து, ஒரு முட்டையும் உடைத்து ஊற்றி முழுதாக வேகவிட்டால் 15 நிமிட வேலை. பெரியவர்கள் பின்னால் சாப்பிடலாம். ஆனால் யாராவது ஒருவர் அதே சோற்றில் இரண்டு வாய் எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெரியவர் வாயைப் பார்த்துத்தான் பிள்ளை மெல்லக் கற்றுக்கொள்கிறது. ஓடும் காரில் தின்னக் கொடுக்காதீர்கள். புரையேறினால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கும்முன் காரியம் கெட்டுவிடும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அவர்கள் வேலை மாறட்டும், பிள்ளையின் ஐந்து வேளை மாறாமல் இருந்தால் போதும். யார் ஊட்டுகிறார்கள் என்பது அடுத்த விஷயம்.

தட்டில் என்ன, எவ்வளவு

வயது ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி (இரண்டு வயதென்றால் இரண்டு) என்று ஒவ்வொரு பொருளிலும் தொடங்குங்கள். கேட்டால் மறுபடி வையுங்கள். பெரிய குவியலைப் பார்த்தாலே சில பிள்ளைகள் மிரண்டுவிடும்.

ஒன்றரை வயதுக்கான ஒரு மதியச் சாப்பாடு: குழைந்த சோறு மூன்று, நான்கு மேசைக்கரண்டி, கெட்டிப் பருப்பு இரண்டு, முள் எடுத்த கெம்போங் மீன் ஒன்றிரண்டு, பாயாம் கீரை மசியல் ஒன்று, மேலே ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 40 கலோரி தரும், வயிற்றில் இடமும் அடைக்காது. கீரையிலும் பருப்பிலும் நான்கு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். பிறகு இரண்டு துண்டு பப்பாளி அல்லது பழுத்த கொய்யா, விதை நீக்கி.

நாம் அதிகம் தவறுவது ரசத்திலும் பருப்புத் தண்ணியிலும்தான். குழந்தைக்குச் செரிக்கும் என்று மேலே தெளிந்ததை ஊற்றிப் பிசைகிறோம். சத்து எல்லாம் அடியில் தங்கிவிடுகிறது. ஒரு சோதனை: பிசைந்த சோற்றைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடினால் அதில் தண்ணீர்தான் அதிகம். மெதுவாகச் சரிந்து விழுந்தால் சரியான பதம். சிறிய வயிற்றுக்கு அடர்த்தியான உணவு வேண்டும். பெரியவர்களுக்கான 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) தட்டைப்போல் பாதித் தட்டுக் காய்கறியும் பழமும் என்று இந்த வயதில் நிரப்பினாலும், கலோரி எட்டும்முன் வயிறு நிறைந்துவிடும்.

புரதத்துக்காகப் பவுடர் வாங்கத் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு நாள் தேவையே 12, 13 கிராம்தான். இரும்புக்குக் கோழி ஈரல் மலிவும் சிறப்பும். வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும், வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். சைவ வீடுகளில் தெம்பே, தவு, பருப்பு, பச்சைப்பயறு, கேழ்வரகு, எள் எல்லாம் மாறிமாறி வரட்டும், எலுமிச்சையோ பழமோ கூடவே இருக்கட்டும். நெத்திலிப் பொடி தூவும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. காய்ந்த நெத்திலியில் உப்பு அதிகம். இரண்டு, மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வறுத்து, பிறகு பொடியுங்கள். அரைத் தேக்கரண்டி தூவினால் ருசிக்குப் போதும். அது மீனுக்குப் பதில் ஆகாது.

புரையேறும் பொருள்களில் கவனம் தேவை. முழு வேர்க்கடலை, கெட்டி முறுக்கு, வட்டமாக நறுக்கிய சாசேஜ், மீன் உருண்டை, முழுத் திராட்சை, சிறு கப் ஜெல்லி, ரம்புத்தான், லோங்கான் கொட்டை எதுவும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ரம்புத்தானைச் சதை மட்டும் கிள்ளிக் கொடுங்கள். கடலையைப் பொடித்துச் சோற்றில் கலக்கலாம்.

புதிய காயைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு வயதை ஒட்டிப் புதியதைக் கண்டு தயங்குவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும். ஒரு காயை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை பார்க்கவேண்டி வரலாம். பார்ப்பது, தொடுவது, நக்குவது, துப்புவது எல்லாமே கணக்கில் சேரும். பழகிய உணவோடு பட்டாணி அளவு புதியதை வையுங்கள், பேச்சில்லாமல். சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள், வேறு சமையல் செய்து கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு தடவை மறுபடி தட்டில் வரட்டும்.

பாட்டி, தாஸ்கா, பிள்ளை பார்க்கும் அம்மா

பகலில் ஊட்டுகிறவர் பெரும்பாலும் பெற்றோர் அல்ல. வீட்டில் ஒரு விதி, பாட்டி வீட்டில் வேறு விதி என்றால் பிள்ளை குழம்பாது. எங்கே எது கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். பாட்டியிடம் "கொடுக்காதீங்க" என்று தொடங்கினால் மனம் நோகும், பலனும் இராது. வேலையைக் கொடுங்கள்: "அம்மா, 10 மணிக்குப் பழமும் பாலும் நீங்கதான் குடுக்கணும். மத்தியானம் சோறு எவ்வளவு இறங்குச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க, நான் எழுதி வைக்கிறேன்." பிள்ளை வளர்த்த அனுபவம் அவருக்கு உண்டு, கையால் மசித்து ஊட்டும் பக்குவம், கெட்டியாகக் கேழ்வரகு காய்ச்சும் கை இரண்டும் அவரிடம்தான் இருக்கின்றன. கன்னம் உப்பியிருந்தால் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை மட்டும் கிளினிக் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டைக் காட்டி விளக்குங்கள். பருமனான பிள்ளைக்கும் இரத்தசோகை இருக்கலாம்.

தாஸ்காவில் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள், சாப்பிடாத பிள்ளையை என்ன செய்கிறீர்கள், தொலைக்காட்சி முன் ஊட்டுகிறீர்களா. போத்தலை அனுப்பாமல் கப்பை அனுப்புங்கள்.

கிளினிக்கில் எதைக் கேட்பது

அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எடையும் உயரமும் எடுப்பார்கள். 18 மாத ஊசி நல்ல வாய்ப்பு; சரவாக்கில் 21 மாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராமல், பதிவேட்டில் புள்ளி வைத்த கோட்டை மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டுப் பாருங்கள். ஒல்லியாக இருந்தாலும் தன் கோட்டிலேயே ஏறுகிற பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று மாதமாக எடை அசையாமல் நின்றால், கோடு விட்டுக் கோடு கீழே இறங்கினால், உயரம் கடைசிக் கோட்டுக்கும் கீழே போனால் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் குமட்டல் அல்லது இருமல், ஒரு வயதுக்குப் பிறகும் கட்டியான எதையும் விழுங்காமை, பத்துக்கும் குறைவான உணவு வகைகளையே ஏற்பது, வெளிறிய கண்ணிமை என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்பு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் நஞ்சு. இரத்தம் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

போகும் முன் மூன்று நாள் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். எத்தனை மணி, என்ன, எத்தனை கரண்டி, பால் எத்தனை மில்லி, யார் ஊட்டினார், திரை ஓடியதா. தின்றது மட்டும், தட்டில் வைத்தது அல்ல. பாட்டியும் தாஸ்காவும் கொடுத்ததைச் சேர்த்தே எழுதுங்கள். கிளினிக்கின் ஊட்டச்சத்து அதிகாரிக்கு இந்த ஒரு தாள் இருந்தால் முதல் சந்திப்பிலேயே காரணம் பிடிபடும். வருமானம் குறைந்த குடும்பத்தில் பிள்ளையின் எடை குறைந்திருந்தால், ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான உணவுக்கூடைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். கேட்கத் தயங்கி விட்டுவிடாதீர்கள்.